வண்டி எண்களுக்குள் வட்டம் கண்ட ஏகாம்பரம் அண்ணன்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரம் அண்ணனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஆண்டு மலர்க் குழுவினர் கேட்டார்கள். நல்லதாக எழுது என்றும் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. நல்லதல்லாத ஒன்று என்னைப் பற்றியது. அதை விட்டுவிட்டால் அவர் எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் அதையும் எழுதுகிறேன்.

நம் பள்ளியின் மூன்றாம் எண் வேனில் அணுபுரத்தில் முதலில் ஏறி, மாலையில் அங்கேயே கடைசியாக இறங்குபவள் நான். அந்தத் திங்கட்கிழமை வேன் சரியான நேரத்துக்கு வந்தது. ஆனால் ஓட்டுநர் இருக்கையில் வேறு வேன் ஓட்டும் சேகர் அண்ணன் இருந்தார். வேன் ஆயா ராணி அக்கா கதவைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"ஏகாம்பரம் அண்ணன் லீவா?" என்று கேட்டேன்.

சேகர் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "அண்ணாத்த நேத்து போய்ட்டாரும்மா. காலைல வண்டியக் கழுவிகினு இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு குந்துனாரு. அவ்ளோதான்."

நான் ஏறி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே நின்ற பால் வண்டியின் எண் 2600. ஐம்பதின் வர்க்கமும் பத்தின் வர்க்கமும் சேர்ந்தால் 2600 வரும். சொல்லத் திரும்பினேன். கேட்க அவர் இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காக அந்த விளையாட்டைச் சொல்ல வேண்டும். அவர் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். நம் பள்ளிக்கு வருமுன் சிறுசேரியில் கம்பெனி கேப் ஓட்டினார். ஆட்களை இறக்கிவிட்டால் அடுத்த டிரிப் வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் வண்டி எண்களைக் கூட்டி ராசி பார்ப்பார்களாம். அவருக்கு அது அலுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் அவர் வீட்டுக்குக் கடைக்கால் போட்ட மேஸ்திரி, மூலை மட்டம் பார்க்க மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று கயிறு பிடித்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "மூணு மூணு ஒம்போது, நாலு நாலு பதினாறு, கூட்டுனா அஞ்சஞ்சு இருவத்தஞ்சு" என்றாராம். மறுநாள் சிறுசேரி பார்க்கிங்கில் எதிரே நின்ற காரைப் பார்த்து, இந்த எண்ணும் அதுபோல இரண்டு வர்க்கங்களாக உடையுமா என்று யோசித்திருக்கிறார். அதன்பிறகு அவர் எந்த வண்டியையும் சும்மா பார்க்கவில்லை.

உடையும் எண்ணை 'ஒடைசல்' என்பார். உடையாததை 'கல்லு' என்பார். நாலால் வகுத்து மீதி மூன்று வந்தால் அது எப்போதுமே கல்லுதான் என்பதைப் பல வருடம் பார்த்துப் பார்த்துத் தானாகவே கண்டுபிடித்திருந்தார். நம் வேனின் எண் 3727. மீதி மூன்று. சின்னப் பிள்ளைகள் பள்ளத்தில் வேன் குதிக்கும்போது கத்தினால், "கத்தாதீங்கடா, நம்ம வண்டி ஒடையாது. கணக்குலயே இல்ல" என்பார்.

நான் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்திலிருந்து ஒரு செய்தியை அவரிடம் சொன்னேன். ஒவ்வோர் எண்ணும் எத்தனை வழிகளில் உடைகிறது என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தால், போகப் போக அது பையை நெருங்கும். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் அதே பை. மூன்று புள்ளி ஒன்று நான்கு.

அவர் பிரேக்கை மெதுவாக மிதித்து வேனை ஓரம் நிறுத்திவிட்டார். "இன்னா பாப்பா சொல்ற? இதுல வட்டம் எங்கேர்ந்து வந்துச்சி? நம்பர்ல எங்க கீது வட்டம்?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் நிரூபணம் இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன், மனப்பாடமும் செய்திருந்தேன். ஆனால் வட்டம் எங்கே இருக்கிறது என்று என்னால் காட்ட முடியவில்லை. அவர் நாலு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஐந்தாம் நாள் மாலை, எல்லாரும் இறங்கியபின், திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு மனைப்பிரிவுக்குள் வேனைத் திருப்பினார். வயலாக இருந்த இடம். இப்போது முப்பதுக்கு முப்பது அடியில் மஞ்சள் வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். பழுதான வண்டியை இழுக்கும் டோப் கயிறோடு இன்னும் இரண்டு கயிறுகளை முடிந்து வைத்திருந்தார். ஐந்து மனை நீளம்.

ஒரு கல்லின்மேல் ராணி அக்காவை நிற்கவைத்து ஒரு நுனியைக் கொடுத்தார். ராணி அக்கா, "கணக்குப் போடறீங்களா, கன்னுக்குட்டி கட்றீங்களா? வூட்டுக்குப் போகவேணாமா எனக்கு?" என்றார்.

"இரு தாயி, வட்டமே உன்னச் சுத்திதான் கீது" என்று சொல்லிவிட்டு, அவர் மறு நுனியைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். கிழக்கே மூன்று மனை, வடக்கே நாலு மனை தள்ளி ஒரு கல். அங்கே கயிறு சரியாகத் தொட்டது. "இதான் இருவத்தஞ்சு. அதோ, நாலுக்கு மூணு, அங்கயும் தொடும். அப்பறம் நேரா அஞ்சு. நாலு பக்கமும் சுத்துனா மொத்தம் பன்னெண்டு கல்லு. இருவத்தஞ்சுக்குப் பன்னெண்டு வழி. உள்ள கீற ஒவ்வொரு கல்லும் ஒரு சின்ன நம்பரோட வழி. அப்ப எல்லா நம்பரோட வழியும் சேர்த்தா இன்னா? கயித்துக்குள்ள எத்தினி கல்லு, அவ்ளோதான். கல்லுக்கு ஒரு மனை. அப்ப கல்ல எண்ணுனா மனைய எண்ணுன மாரி. மனைய எண்ணுனா வட்டத்தோட பரப்பு. பை வராம இன்னா வரும்?"

நாங்கள் எண்ணினோம். ராணி அக்கா நின்ற கல்லை விட்டு எண்பது கற்கள். ஒன்று முதல் இருபத்தைந்து வரையுள்ள எண்களின் வழிகள் அவை. எண்பதை இருபத்தைந்தால் வகுத்தால் 3.2. ஓரத்தில் கயிறு தொட்ட கற்களைச் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். "கயிறு தொட்டா அதுவும் நம்மளுதுதான்" என்றார். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் நீளமாக ஒரு நிழல். மனப்பாடம் செய்திருந்த நிரூபணத்துக்குள் நான் அன்றுதான் முதன்முதலாக நின்றேன்.

அன்றிலிருந்து வண்டி எண்கள் எல்லாவற்றுக்கும் அட்டவணை போட முடிவுசெய்தோம். 1 முதல் 9999 வரை. பத்தாயிரத்தோடு முடித்தால் முழுசாக இருக்குமே என்றேன். "பத்தாயிரம்னு வண்டி கெடையாது, வுடு" என்றார். ஒவ்வொரு ஜோடி வர்க்கத்தையும் கூட்டி, வரும் எண்ணுக்கு எதிரே குறி போட வேண்டும். ஐயாயிரம் வரை அவர், அதற்குமேல் நான். ஆறு மாதம் ஆனது.

நடுவில் ஒருநாள் அவர் கலங்கிப்போய் வந்தார். "பாப்பா, முதல் நூறுல நாப்பத்தி மூணு ஒடையுது. பெருசா போகப் போக ஒடையறது கொறஞ்சிகினே வருது. ஆனா சராசரி கொறையல. அது எப்டி?" சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "வழியில்லாதவன் ஜாஸ்தியாய்கினே போறான். மொத்த வழி கொறையல. அப்ப வழி கீறவன்கிட்டயே போய்க் குமியுது." மேலும் போனால் நூற்றுக்கு ஒன்றுகூட உடையாத இடம் வரும், அங்கேயும் சராசரி பைதான் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் கியரை மாற்றினார்.

அப்படி வழிகள் குமிந்த எண் 5525. நாற்பத்தெட்டு வழிகள். எங்கள் அட்டவணையில் அதைவிட அதிகம் எதற்கும் இல்லை. அந்த எண்ணுள்ள வண்டியை வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனவர், கடற்கரைப் பார்க்கிங்கிலிருந்து அப்பாவின் போனுக்கு அழைத்தார். "பாப்பாகிட்ட குடுங்க சார். பாப்பா! ஐயாயிரத்து ஐநூத்தி இருவத்தஞ்சு! என் கண்ணு முன்னால நின்னுகினு கீதும்மா! பழைய டெம்போ. மேல ஐஸ் பெட்டி. சைடு கண்ணாடி இல்ல." அலை ஓசையும் காற்றும் கேட்டன. "அந்த ஆளுக்குத் தெரியாது பாப்பா, அவன் எதுல உக்காந்துகினு கீறான்னு. சொன்னேன். பேஜாரு பண்ணாத, போய்யான்னுட்டான்." அவர் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

இனி என்னைப் பற்றியது.

அட்டவணை முடிந்தது. கணக்கு ஆசிரியை மாலதி மிஸ் அதைப் பள்ளிக் கண்காட்சியில் பெரிய பிளெக்ஸ் பலகையாக வைக்கலாம் என்றார். கீழே இரண்டு பெயர்கள்: ஏகாம்பரம், வேன் ஓட்டுநர், யாழினி, பதினோராம் வகுப்பு. அவரிடம் சொன்னபோது, "என் பேரு வோட்டர் லிஸ்ட்லயும் லைசன்ஸ்லயும்தான் கீது. இதுல போடறாங்களா?" என்று இரண்டுமுறை கேட்டார்.

மொத்த வழிகள் 31396. அதை 9999-ஆல் வகுத்தேன். 3.1399 வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாத உழைப்புக்குப் பின் 3.14-ஐக்கூட ஒரு மயிரிழையில் தொடாமல் நின்றது. பதினாறு வழிகள் கூடினால் 3.1415 ஆகிவிடும் என்று கணக்கிட்டேன். என் பங்கிலிருந்து இரண்டு கல்லு எண்களைத் தேர்ந்தெடுத்தேன்: 6041, 9317. நாலால் வகுத்து மீதி மூன்று வராத எண்களாகப் பார்த்து எடுத்தேன். அவர் கண்ணுக்குச் சட்டென்று படாதவை. இரண்டுக்கும் எதிரே எட்டு எட்டு என்று எழுதி, சுத்தப் பிரதியை அவரிடம் கொடுத்தேன். சுத்தப் பிரதியில் வழிகளின் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், ஜோடிகள் இருக்காது.

பத்து நாளில் அவர் என்னிடம் கேட்டார். "நேத்து பெட்ரோல் பங்க்ல ஆறாயிரத்து நாப்பத்தி ஒண்ணு நம்ம முன்னால நின்னுச்சி பாப்பா. எழுவத்தேழுலேர்ந்து அம்பத்தஞ்சு வரைக்கும் பாத்தேன். ஒடையல. உன் நோட்ல எட்டு போட்டுகீது."

"தப்பா விழுந்திருக்கும் அண்ணா."

"மிஸ்டேக் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். மிச்சம் எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

அவர் தலையசைத்தார். அன்று மாலையே 6041-க்கு எதிரே இருந்த எட்டை அடித்தேன். அதே கையோடு 8309-க்கு எதிரே ஓர் எட்டைப் போட்டேன். சராசரி 3.1415-ஆகவே நின்றது. திருத்திய பிரதியை அவரிடம் கொடுத்தேன். பிளெக்ஸ் அச்சாகி வந்தது. நடுவில் சிவப்பில் 3.1415. அவர் தம் பெயரின்மேல் விரல் வைத்துப் பார்த்தார். மறு ஞாயிறு அவர் இறந்தார்.

பள்ளியிலிருந்து நாங்கள் சிலர் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி தனம் அக்கா எங்களுக்குப் பாய் விரித்தார். என் பெயரைக் கேட்டதும் உள்ளே போய்ச் சில தாள்களோடு வந்தார். டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கம், அவருடைய சாய்ந்த எழுத்தில் மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரே வரிசை. 91-ன் வர்க்கம் போக மீதி 28. 90-ன் வர்க்கம் போக மீதி 209. 89 போக 388. அப்படியே 65 வரை.

"ஒரு வாரமா இதத்தாம்மா பண்ணிகினு இருந்தாரு. டோல்கேட்ல ஒரு லாரி நின்னுச்சாம். எட்டாயிரத்து முந்நூத்தி ஒம்போது. நோட்ல ஒடையும்னு போட்டுகீதாம், இவருக்கு ஒடையலயாம். தப்பா இருக்கும், வுடுய்யான்னேன். 'பாப்பா ரெண்டு தபா பாத்துட்டேன்னு சொல்லிச்சி. எனக்குத்தான் எங்கியோ உதைக்குது'ன்னுட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து போட்டாரு." தாளை என் பக்கம் நகர்த்தினார். "உனக்குத் தெரியும்ல. எப்டிம்மா ஒடையுது அது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது உடையாது அக்கா" என்றேன். "ஏழால் ஒரு தடவைதான் வகுபடும். அந்த மாதிரி எண் உடையவே உடையாது. எனக்கு அப்பவே தெரியும். நான் பொய்யா எழுதினேன்."

தனம் அக்கா தாளைத் தம் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்: "அப்ப அவரு போட்டது சரியா?"

"சரி அக்கா. மூணு தடவையும் சரி."

"அத அவருகிட்ட யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தாளை என்னிடம் தந்துவிட்டு, மற்ற இரண்டையும் மடித்து அவர் படத்துக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் மாலதி மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்காட்சிக்கு மூன்று நாள்தான் இருந்தது. "இதை யாரும் சரிபார்க்கப் போறதில்லையே, இப்ப ஏன் சொல்ற?" என்று கேட்டார்.

"ஒருத்தர் சரிபார்த்தார் மிஸ். அவர் பேரும் அதுல இருக்கு."

மிஸ் என்னைத் திட்டியிருக்கலாம். அலமாரியைத் திறந்து வெள்ளைத் தாளும் பசையும் கொடுத்தார். "முழுசும் திரும்பப் பார். இந்தத் தடவை பார்த்துட்டேன்னு சொல்லாதே, பார்."

பார்த்தேன். ஜோடி ஜோடியாக, முதலிலிருந்து. 6041, 8309, 9317 மூன்றுக்கும் பூஜ்யம். மொத்தம் 31396. பலகையில் 8309-க்கும் 9317-க்கும் எதிரே அச்சாகியிருந்த எட்டுகளின்மேல் தாளை ஒட்டிப் பூஜ்யம் போட்டேன். சிவப்பு எண்ணின்மேலும் ஒட்டி 3.1399 என்று எழுதினேன். ஒட்டு நன்றாகத் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டேன்.

பிறகு குறிப்பேட்டை மூடப்போகும்போது, கணக்கில் சேராத ஜோடிகள் சில ஓரத்தில் கிடந்ததைக் கவனித்தேன். அறுபதும் எண்பதும். இருபத்தெட்டும் தொண்ணூற்றாறும். நூறும் பூஜ்யமும். மூன்றும் பத்தாயிரத்தைத் தந்தன. அந்த எண்ணில் வண்டி கிடையாது என்று முதலிலேயே விட்டுவிட்டோம். நூறு மனை நீளக் கயிற்றால் வட்டம் போட்டால் அதன் விளிம்பில் சரியாக நிற்கும் கற்கள் அவை. நாலு பக்கமும் சேர்த்து இருபது. கயிறு தொட்டா அதுவும் நம்மளுதுதான். சேர்த்தேன். 31416. பத்தாயிரத்தால் வகுத்தேன்.

3.1416.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நான் பொய்யாகச் செய்த எண்ணைவிடப் பையை இன்னும் நெருங்கிய நல்ல எண், உண்மைக்கு ஒரே ஒரு வண்டி தள்ளி, யாரும் தொடாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் 3.1399-ஐ அவரிடம் அப்படியே கொடுத்திருந்தால், ஏதாவதொரு ரயில்வே கேட்டில் அவரே இதைக் கண்டுபிடித்து, வேனை ஓரம் நிறுத்தியிருப்பார். அப்போது அவர் போடும் சத்தத்தை நான் கேட்டிருப்பேன்.

கண்காட்சியன்று தனம் அக்கா வந்தார். ராணி அக்காவும் சேகர் அண்ணனும் இன்னும் சில ஓட்டுநர்களும் வந்தார்கள். சேகர் அண்ணன் பலகையைப் பார்த்து, "இன்னாம்மா, புது பேனருக்கு ஒட்டு போட்டுகீற?" என்றார். நான் ஏன் ஒட்டினேன் என்று அவர்கள் எல்லாருக்கும் சொன்னேன். பிறகு பலகையின் அடியில் கையால் எழுதியிருந்த வரியைக் காட்டினேன்: '10000 — வண்டி இல்லை — 20 வழிகள்.' சேகர் அண்ணன் அதைக் கூட்டி, வகுத்து, தம் போனிலும் ஒருமுறை வகுத்துப் பார்த்தார். "அண்ணாத்த இருந்திருந்தா இந்நேரம் ஹாலையே ரெண்டாக்கியிருப்பாரு" என்றார். தனம் அக்கா தம் கணவர் பெயரை மட்டும் படித்தார். அதன்மேல் ஒட்டு எதுவும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பவை: 91-லிருந்து 65 வரை இறங்கும் ஒரு டிரிப் ஷீட், கயிற்றைப் பற்றி அவர் சொன்ன ஒரு வாக்கியம், வண்டி எண்களைச் சும்மா பார்க்க முடியாத கண்கள். 'மிஸ்டேக் ஒண்ணுதானா?' என்ற கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு நான் சொன்ன பதிலின்மேல் ஒட்ட என்னிடம் தாள் இல்லை.

எல்லாரும் போனபின் நான் பலகையின் முன்னே நின்றுகொண்டிருந்தேன். வாட்ச்மேன் வாசலில் வந்து, "நீதான் கடைசியாம்மா?" என்று கேட்டார். எப்போதும் நான்தான் கடைசி என்றேன். ஹாலில் விளக்குகள் அணைக்கப்பட்டன.